கல்லாவுக்கு எட்டாத வாடிக்கையாளர்கள்

ஸ்டேஷனரி அக்கா, திருச்சி

சின்னதா கடை வச்சிருக்கிறவங்க எல்லாரும் வாங்க. சின்னப் பிள்ளைங்களால உங்க தொழில்ல ஏதாச்சும் மாறியிருக்கா? "குழந்தை மனசு வேணும்"ங்கிற மாதிரி பொன்மொழி வேண்டாம், அது தினம் காலையில வாட்ஸப்ல வந்துடுது. நடந்ததைச் சொல்லுங்க. முதல்ல நானே சொல்றேன்.

எங்க கடை ஒரு ஆரம்பப் பள்ளிக்கு எதிர்ல. 2025 செப்டம்பர் 22ல இருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னருக்கெல்லாம் ஜி.எஸ்.டி. இல்லைன்னு ஆச்சில்லையா, அந்த வாரம் மூணாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி வந்தா.

"அக்கா, நோட்டுக்கு வரி இல்லைன்னு மிஸ் சொன்னாங்களே. ஏன் அதே வெல?"

"அது பழைய ஸ்டாக் பாப்பா."

பெரியவங்கன்னா இதோட விட்டுடுவாங்க. இவ நகரல. பழைய ஸ்டாக்னா என்ன? 12% வரி கட்டி வாங்கினது. அப்ப புதுசு எப்ப வரும்? அடுத்த மாசம். எவ்ளோ குறையும்? பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க, இவ கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டு எக்கி எக்கிக் கேக்குறா.

அன்னிக்கு ராத்திரி பில்லையெல்லாம் எடுத்து வச்சு உக்காந்தேன். நோட்டுக்கு வரியே இல்லைன்னு ஆனதால, தயாரிக்கிறவர் அட்டை, மை, பசைக்குக் கட்டின வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது அசல்லயே சேர்ந்துடும். அதனால அந்த 12% வரி அளவுக்கு விலை அப்படியே குறையாதுங்கிறது சரிதான். ஆனா கொஞ்சமாவது குறையணுமே? மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு அவ கேட்ட மாதிரியே கேட்டேன். பழைய ஸ்டாக்குன்னார். எது வரைக்கும் பழசு, புது லாட் என்ன விலைன்னு விடாம கேட்டேன். கடைசியில குறைச்சுத்தான் போட்டுக் கொடுத்தார். அவர்கிட்ட அவ்வளவு நேரம் நான் பேசினதே அதுதான் முதல் தடவை!

இப்ப வாசல்ல ஸ்லேட்டு மாட்டி பழசு என்ன விலை, புதுசு என்ன விலைன்னு எழுதிப் போட்டிருக்கேன். அம்மாக்கள் நின்னு படிக்கிறாங்க. அவங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கு, கேக்கத்தான் கூச்சம்.

தையல்காரர், ஈரோடு

நமக்கு யூனிஃபார்ம் தையல்ங்க. மே, ஜூன்ல மூச்சு விட நேரமிருக்காது.

பெரிய ஆளுக்குத் தைச்சா கண்ணாடியில முன்னால பின்னால பாப்பாங்க, நல்லாருக்குதும்பாங்க, காசு குடுத்துட்டுப் போயிருவாங்க. புடிக்கலைன்னா அடுத்த வருசம் வேற கடை. எதுனால போனாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது. பொடுசுங்க அப்படியில்லீங்க. ஒரு யு.கே.ஜி. பையன் சட்டையைப் போட்ட கையோட கழட்டிப் போட்டான். "சும்மா இரு சாமி, மாமா திட்டுவாரு"ன்னு அவங்கம்மா மறுபடி மாட்டிவிட, மறுபடி கழட்டினான். அப்புறம் அவனே சட்டையை உள்பக்கமாத் திருப்பி அக்குள் தையல்ல வெரலை வச்சு, "இங்க குத்துது".

தொட்டுப் பார்த்தேன். துணி ஓரம் பிரியாம இருக்கப் போடற ஓவர்லாக் தையல் நூலோட முனை முடிச்சுப் போட்டு, காய்ஞ்ச முள்ளாட்டம் நிக்குது. நம்ம கைவெரல் காப்புக் காய்ச்சின வெரலுங்க, அதுக்கெங்க தெரியும்.

அதுக்கப்புறம் சின்ன சைஸுக்கெல்லாம் கழுத்துலயும் அக்குள்லயும் மெல்லிசா காட்டன் பட்டி வச்சு மூடித்தான் தைக்கறோம். கூலி கொஞ்சம் கூடத்தான். இருந்தாலும் அதைக் கேட்டு வாங்கறவங்க இருக்கறாங்க.

இன்னொண்ணும் பார்த்தேன். புள்ளைங்க புதுச் சட்டை போட்டா கண்ணாடிக்கே போகாது. கையைத் தூக்கிக் குதிக்கும், குத்த வச்சு உக்காரும். எங்க இறுக்குது, எங்க மேல ஏறுதுன்னு அப்பத்தான் தெரியுது. அதனால பெரியவங்க அளவு பாக்க வந்தாலும் கையைத் தூக்குங்க, உக்காருங்கன்னு சொல்றேன். ஜாக்கெட் தைக்கறவங்க இதைக் கட்டாயம் செய்யணுங்க. கண்ணாடி முன்னாடி சும்மா நின்னா எல்லா ஜாக்கெட்டும் சரியாத்தான் இருக்கும்.

டீக்கடை, திருநெல்வேலி

என் பேத்திக்கு வயசு அஞ்சு. சாயங்காலம் கல்லா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிடுவா. யு.பி.ஐ. பொட்டி "இருபது ரூபாய் பெறப்பட்டது"ன்னு சொன்னா கூடச் சேந்து சொல்லுவா. ஒருநா கூட்டத்துல ஒருத்தன் போனை மட்டும் தூக்கிக் காட்டிட்டுக் கெளம்புதான். "தாத்தா, பொட்டி பேசவே இல்ல!"ன்னு போட்டாளே ஒரு சத்தம்! அந்த ஆளு திரும்பி வந்து சில்லறையா எண்ணிக் குடுத்துட்டுப் போனான். இதுல என்ன பாடம்னு கேக்காதிய. பிள்ளைக்கு நாலு வாழைக்கா பஜ்ஜி கூலி.

பஞ்சுமிட்டாய் வண்டி, கும்பகோணம்

2024 பிப்ரவரியில ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டுல தடை வந்துச்சு. அது துணிக்கு ஏத்துற சாயம், வயித்துக்குள்ள போற பொருள் இல்ல. தடை சரிதான். ஆனா அந்தப் பேர் அடிபட்டதுல வண்டியே ஓரங்கட்டிக் கிடந்துச்சு. பிறகு வெறும் சர்க்கரையில வெள்ளையா சுத்த ஆரம்பிச்சேன். ரோஸ் இல்லாட்டி பிள்ளைங்க திரும்பியே பாக்காதுன்னு தொழில்ல எல்லாரும் சொன்னாங்க.

கலர் கேட்டது பூரா அப்பாமார்தான். "என்னங்க, வெளுத்துப்போய் இருக்கு?" பிள்ளைங்க மிட்டாயைப் பாக்கல, மெஷினைப் பாத்துச்சுங்க. "மாமா, சர்க்கரை எங்க போச்சு?"ன்னு ஒரு வாண்டு கேட்டான். நடுக்கிண்ணத்துல சூடேறி உருகுது, வேகமா சுத்துறப்ப சின்ன ஓட்டை வழியா இழையா வெளியில வருது, காத்துப் பட்டதும் இறுகிடுதுன்னு சொன்னேன். அவன் போய் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துட்டான்.

அதுலேர்ந்து மெஷினைத் தெருப்பக்கமாத் திருப்பி வச்சிருக்கேன். முதல்ல ஒரு கரண்டி சர்க்கரையைக் காட்டிட்டுத்தான் போடுவேன். சும்மா நிக்கிற பிள்ளையைத் தேடி அப்பாவும் வந்து நிப்பார், அப்புறம் வாங்காம நகர முடியாது. சங்கடம் என்னன்னா, ஒரு கரண்டி சர்க்கரைதான்னு தெரிஞ்சதும் சில பேர் இதுக்கா இருபது ரூபான்னு ஆரம்பிச்சிடுறாங்க.

டிபார்ட்மென்ட் ஸ்டோர், சேலம்

எல்லாரும் குழந்தைகளை குருவாக்கிட்டீங்க. நான் வேற பக்கம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பில் போடற இடத்துல இடுப்பு உயரத்துக்கு சாக்லேட் ரேக் இருக்கே, அது யாருக்கு? அந்த ரேக்கை கம்பெனிக்காரங்களே தர்றாங்க, எந்தத் தட்டுல எது இருக்கணும்னும் அவங்களேதான் சொல்லித் தர்றாங்க. வரிசையில நிக்கிற அம்மாவால நகர முடியாது, குழந்தை அழும், அழுதா வாங்கித் தந்துதான் ஆகணும். இதுவும் குழந்தைகளைக் கவனிச்சுக் கத்துக்கிட்ட வியாபாரந்தான். பெருமையாச் சொல்லிக்கிறதுக்கு இல்ல.

ஸ்டேஷனரி அக்கா, திருச்சி

சேலத்துக்காரர் சொன்னதை ஒத்துக்கிறேன். பள்ளிக்கூட வாசல்லேர்ந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்கிற தின்பண்டம் விக்கக் கூடாதுன்னு 2020லயே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிமுறை வந்தாச்சு. நான் மிட்டாய் பாட்டிலே வைக்கிறதில்ல. அந்த வியாபாரம் தெரு முனைக் கடைக்குப் போகுது, போகட்டும். சரி, நீங்க அந்த ரேக்கை எடுத்துடலாமே?

டிபார்ட்மென்ட் ஸ்டோர், சேலம்

எடுக்க மனசு வரல. கடை வாடகையில ஒரு பங்கு அதுலதான் வருது.

தையல்காரர், ஈரோடு

புள்ளைங்க கைக்கு எட்டாத உசரத்துக்கு ஏத்தி வைங்க.

டிபார்ட்மென்ட் ஸ்டோர், சேலம்

வச்சுப் பார்த்தாச்சுங்க. அப்பாக்கள் தோள்ல தூக்கி, "எதும்மா வேணும்?"னு காட்டறாங்க.