கீரைக்கு ஜீவாமிர்தம் எத்தனை நாளைக்கு முன்னாடி நிறுத்தணும்?

தோட்டத்துக்காரன்: வணக்கங்க. தொண்டாமுத்தூர் பக்கம் முக்கா ஏக்கர்ல சிறுகீரை, அரைக்கீரை, மல்லி, புதினா போட்டு ஒரு அபார்ட்மென்ட்டுக்கு நேரா கொடுத்துட்டிருக்கேன். மருந்தே அடிக்கறதில்ல, சாணமும் கோமியமும் கரைச்சு ஊற வச்ச ஜீவாமிர்தம்தான், வாரம் ஒருக்கா தண்ணியோட விட்டு இலை மேலயும் தெளிப்பேன். போன வாரம் ஒரு அக்கா புதினா ஜூஸ் குடிச்சு வயித்தால போச்சுன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க, புதினாவாலதானான்னு தெரியல, ஆனா அதுல இருந்து பத்து வீடு வாங்கறதில்ல. கட்டு கட்டினதும் தொட்டித் தண்ணில ஒரு முக்கு முக்கித்தான் அனுப்பறேன். எங்க தப்புங்க?

மண்புழு: இலை மேல தெளிக்கறதை முதல்ல நிறுத்துங்க. 200 லிட்டர் தண்ணில 10 கிலோ பச்சை சாணம், கோமியம், வெல்லம், கடலை மாவு போட்டு ரெண்டு மூணு நாள் வைக்கறோம், நல்ல கிருமி பெருகுதுன்னா சாணத்துல இருக்கற கெட்டதும் அதே வெல்லத்தைத்தானே தின்னுது? அமெரிக்கால ஆர்கானிக் சர்டிஃபிகேட்டுக்கே மக்காத சாணம் போட்டா, மண்ணைத் தொடற பயிருக்கு 120 நாள் கழிச்சுத்தான் அறுக்கணும், தொடாததுக்கு 90. நம்ம சிறுகீரையே 25 நாள்ல பிடுங்கறது, எங்க போய் 120 நாள் விடறது! மக்கின எருவை விதைக்கறதுக்கு முன்னாடி அடியுரமா போட்டுடுங்க. குவியலுக்குள்ள 55 டிகிரி சூடு 15 நாள் நிக்கணும், அதுக்குள்ள அஞ்சு தடவை புரட்டணும், ஓரத்துல கிடந்தது உள்ள போகணும்.

பழையபண்ணை: எங்க தாத்தா காலத்துல இருந்து சாணி போட்டுத்தான் கீரை, யாருக்கு என்ன ஆச்சு? இதெல்லாம் உரக் கம்பெனிக்காரன் கிளப்பறது.

மண்புழு: தாத்தா கடைஞ்சு சாப்பிட்டாருங்ணா, வேக வச்சா செத்துரும். ஜூஸ், பச்சைச் சட்னி, ரசத்து மேல தூவற மல்லி, இதுலதான் வம்பு. 2011ல ஜெர்மனில வெந்தய முளை பச்சையா தின்னு 50 பேருக்கு மேல செத்தாங்க, முளை கட்டினது ஆர்கானிக் பண்ணைதான், உரக் கம்பெனி இல்ல.

பேக்கிங்அக்கா: நான் ஓசூர்ல காய் பேக்கிங் பார்த்தவ. தம்பி, அந்த முக்கற தொட்டிதான் எனக்கு பயம். ஒரு கட்டுல சாணி ஒட்டியிருந்தா அடுத்து முக்கற நூறு கட்டுக்கும் அதான். போர் தண்ணி பிடிச்சு 100 லிட்டருக்கு 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர், வாளில கரைச்சு தெளிஞ்சத மட்டும் ஊத்து, சுமார் 100 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வரும். ரெண்டு நிமிஷம் போதும், அப்புறம் நல்ல தண்ணில அலசு. தண்ணி கலங்கிடுச்சுன்னா குளோரின் அழுக்குலயே தீர்ந்துரும், மாத்திடணும், குளோரின் அளவு காட்டற டெஸ்ட் பட்டை வாங்கி நனைச்சுப் பாரு. ஆனா இலைல ஒட்டினது எல்லாம் இதுல போயிடாது, தோட்டத்துலயே ஒட்டாம பார்க்கணும். ஆமா, கட்டு மேல போடற ஈரச் சாக்கை எங்க காயப்போடறே?

தோட்டத்துக்காரன்: ...மாட்டுக் கொட்டாய்ச் சுவர்லதாங்க்கா.

பேக்கிங்அக்கா: அப்படிப் போடு. இன்னைக்கே புதுசு வாங்கு, கொடில போடு.