பித்தளைப் பலகையில் பொறித்த எழுத்துகளுக்கு மீண்டும் வண்ணம் நிரப்புவது எப்படி?

கேள்வி

வணக்கம். என் தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது உடன் பணியாற்றியவர்கள் அளித்த பித்தளைப் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தடித்த தகட்டில் எழுத்துகளை வெட்டி, அவர் பெயரைச் சிவப்பிலும் மற்ற வரிகளைக் கருப்பிலும் நிரப்பியிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பாலிஷ் போட்டுத் துடைத்ததில் வண்ணம் பல இடங்களில் உதிர்ந்து, பள்ளங்களில் வெள்ளைப் பொடி அடைந்து கிடக்கிறது. சென்ற வாரம் கடைசி வரியில் இரண்டு எழுத்துகளுக்கு மட்டும் கருப்பு எனாமல் பெயின்ட் தடவி, மேலே வழிந்ததைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். பள்ளத்துக்குள் இருந்த பெயின்டும் துணியோடு வந்துவிட்டது. எஞ்சியது சாம்பல் நிறப் படலம்தான். இந்தப் பலகையை இனியும் கெடுத்துவிடக் கூடாது என்பதால், மேற்கொண்டு கை வைப்பதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். எங்கே தவறினேன்?

முதல் மறுமொழி

துடைத்த முறையைப் பற்றி வேறு யாரேனும் சொல்வார்கள். அதற்கு முன், பழைய நிரப்பு என்ன பொருள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பொறித்த தகடுகளில் இருப்பதெல்லாம் பெயின்ட் அல்ல. சிலவற்றில் அரக்கும் மெழுகும் கலந்த வண்ணக் குச்சியைச் சூடான தகட்டில் உருக்கி நிரப்பியிருப்பார்கள். சில தகடுகளில் கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கி ஒட்டவைத்த எனாமல் இருக்கும்.

மெல்லிய ஊசியின் முனையைச் சூடாக்கி, எழுத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் மெதுவாக வையுங்கள். மெழுகாக இருந்தால் ஊசி உடனே இறங்கி, விளிம்பு வழுவழுப்பான சிறு குழியை விட்டுச்செல்லும். காய்ந்த பெயின்ட் உருகாது. கருகும் அல்லது செதிலாகப் பெயரும். ஊசி கீறினாலும் தடம் விழவில்லை என்றால் அது கண்ணாடி எனாமல். அதைச் சுரண்டி எடுக்க முயலவே வேண்டாம்.

அந்த வெள்ளைப் பொடி, காய்ந்துபோன பாலிஷின் மிச்சம். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்மையான சோப்பைக் கலந்து, மென்தூரிகையாலும் பல் குத்தும் மரக்குச்சியாலும் எடுத்துவிடலாம். அம்மோனியா கலந்த திரவங்களைத் தவிர்த்துவிடுங்கள். உள் இறுக்கம் உள்ள பித்தளையில் அவை விரிசலை உண்டாக்கும். கடுமையான அமிலமும் வேண்டாம். அது துத்தநாகத்தை அரித்து, செம்பின் இளஞ்சிவப்பை மேலே கொண்டுவந்துவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் உரசித் தூள் கிளப்பாமல், ஈரமாக வைத்தே எடுங்கள்.

இரண்டாம் மறுமொழி

உங்கள் தவறு இரண்டு இடங்களில் இருக்கிறது என்று கருதுகிறேன். தின்னர் மிகவும் வலுவானது. எனாமல் பெயின்டை நொடியில் கரைத்துவிடும். அதைவிட முக்கியம், மடித்த துணி மெத்தென்று இருப்பதால், விரல் அழுத்தும் இடத்தில் பள்ளத்துக்குள் பிதுங்கி இறங்குகிறது. மேற்பரப்பைத் துடைப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது அது எழுத்தின் அடிவரை சென்று வண்ணத்தை உறிஞ்சிவிடுகிறது.

ஆகவே, துணிக்குப் பின்னால் விறைப்பான ஒன்று இருக்க வேண்டும். தீப்பெட்டி அளவுள்ள தட்டையான மரக்கட்டையின் மேல் பிசிறில்லாத மெல்லிய பருத்தித் துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டுங்கள். அதில் டர்பென்டைனை நனைத்து, வேறொரு துணியில் ஒற்றி எடுத்த பிறகு, தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டுமே தவிர ஈரம் விரலில் ஒட்டக் கூடாது. கட்டையை எழுத்தின் கோடுகளுக்குக் குறுக்காக, சாய்வாக, ஒரே திசையில் ஒருமுறை இழுங்கள். அடுத்த இழுப்புக்குத் துணியின் சுத்தமான பகுதிக்கு மாறுங்கள். அதே இடத்தில் முன்னும் பின்னும் தேய்த்தால், எடுத்த கருப்பை மீண்டும் தகடு முழுவதும் பூசியதாகிவிடும்.

நிரப்பும்போது பெயின்டைத் தடவாதீர்கள். மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வையுங்கள். பெயின்ட் போதிய இளக்கமாக இருந்தால் அது தானாகவே கோட்டின் இரு முனைகளுக்கும் ஓடி, மூலைகளில் வந்து நிற்கும். அதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. எனாமல் காயும்போது கரைப்பான் ஆவியாகிப் பரப்பு கீழே இறங்கும் என்பதால், ஒரே தடவையில் நிறையாது. ஒவ்வொரு நாள் இடைவெளி விட்டு இரண்டு அல்லது மூன்று முறை நிரப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஊசிச் சோதனையைச் செய்து பார்த்தேன். கருப்பு வரிகளில் செதில் பெயர்ந்தது. பெயரில் இருந்த சிவப்பிலோ ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அப்படியானால் சிவப்பு மட்டும் மெழுகு. அதில் விடுபட்ட இடங்களுக்குச் சிவப்புப் பெயின்ட் வைக்கலாமா?

முதல் மறுமொழி எழுதியவர்

வேண்டாம். மெழுகின் மேல் பெயின்ட் பிடிக்காது. சில மாதங்களில் உரிந்துவிடும். பழைய சிவப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பொறிப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகுக் குச்சியால் விடுபட்ட இடங்களை மட்டும் நிரப்புங்கள். தகட்டைப் பின்புறமிருந்து மெதுவாகச் சூடாக்கி, குச்சி இளகும் பதம் வந்ததும் எழுத்தின் மேல் தேய்த்து, முழுவதும் ஆறிய பின் மேலே நிற்பதை நேரான விளிம்புள்ள பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிடலாம்.

பித்தளை வெப்பத்தை விரைவாகக் கடத்தும். பெயரை மட்டும் சூடாக்குவது இயலாது. கருப்பு வரிகளும் சேர்ந்தே சூடாகும். எனவே சிவப்பு வேலையை முதலில் முடித்துவிட்டு, தகடு ஆறிய பிறகே புதிய கருப்பைத் தொடங்குங்கள்.

மூன்றாம் மறுமொழி

இந்த வரிசையில் பாலிஷ் எங்கே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பொடியை எடுத்த பிறகு, நிரப்புவதற்கு முன், மெருகேற்றும் வேலை முழுவதும் முடிந்திருக்க வேண்டும். முடிந்ததும் எண்ணெய்ப் பசை போகும்படி பள்ளங்களை ஸ்பிரிட்டால் துடைத்தால்தான் கருப்பு பிடிக்கும். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும் என்பதால் சிவப்புப் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பிய பின், பளபளப்பு மங்காமலிருக்க லாக்கர் என்ற நிறமற்ற மேற்பூச்சைத் தெளிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள கரைப்பான் புதிய எனாமலைச் சுருங்கவைக்கும், மெழுகையும் இளக்கிவிடும்.

முதல் மறுமொழி எழுதியவர்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மெருகேற்றுவதையே மிகவும் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வேன். ஒவ்வொரு பாலிஷும் சிறிதளவு உலோகத்தைத் தின்கிறது; முதலில் மழுங்குவது எழுத்தின் விளிம்பு. மேலே சொன்ன கட்டையால் சுத்தமாக வழித்தெடுக்க முடிவதே அந்த விளிம்பு கூர்மையாக நிற்பதால்தான். களிம்பு போய்த் தகடு சீரான மஞ்சளுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பின்புறத்தையும் ஓரங்களில் படிந்த பழுப்பையும் தொடாதீர்கள். பலகையின் வயது அங்கே இருக்கிறது.