கள்ளிப்பழம் பறிக்க என்ன வைத்திருந்தீர்கள்?

கரிசக்காட்டான் (விளாத்திகுளம் பக்கம்):
சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கென்று எங்கள் ஊரில் கடைச் சாமான் எதுவும் கிடையாது. கட்டைவிரல் தடிமனில் பச்சை உடைமரக் குச்சி. நுனியை ஒரு சாண் பிளந்து, நடுவில் சின்னக் கல்லைச் செருகினால் வாய் திறந்தே நிற்கும். பிளவு மேலே ஓடாதபடி பனைநாரால் ஒரு கட்டு. பழத்தைக் கவ்வித் திருக வேண்டும். இழுத்தால் தோல் கிழிந்து சாறெல்லாம் மண்ணுக்குத்தான்.

ஆனால் பறிப்பதா பெரிய வேலை? பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். தோலில் புள்ளி புள்ளியாக இருக்கும் சுனை, அதாவது மயிர் போன்ற நுண்முள்தான் வில்லன். கொளுஞ்சிச் செடியைக் கொத்தாகப் பிடுங்கி, பழத்தை மண்ணில் போட்டு உருட்டி உருட்டித் தேய்ப்போம். அப்புறம் பூ உதிர்ந்த குழி. அங்கே சுனை அடர்ந்திருக்கும், நட்சத்திர முள் என்போம். உடைமரத்தின் வெள்ளை முள்ளாலேயே அதை நெம்பி எடுத்துவிட்டுத்தான் வாயில் வைப்பது.

ஓடைக்கரையாள்:
அண்ணாச்சி, விரலில் ஏறிய சுனையை நாங்கள் தலைமுடியில் தேய்ப்போம். இப்போதெல்லாம் செல்லோடேப்தான், ஒட்டி உரித்தால் வந்துவிடுகிறது. கொட்டையோடு நிறையத் தின்றால் மறுநாள் வயிறு கட்டிக்கொள்ளும், அதையும் சொல்லுங்கள். சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து எங்கள் ஆச்சி பதறியது தனிக்கதை.

நாகதாளி:
நான் யாழ்ப்பாணம், இருப்பது சிசிலியில், பலெர்மோ. ஊரில் இந்தக் கள்ளியை நாகதாளி என்போம். பழத்தைத் தடியால் தட்டி விழுத்துவோம், பாதி நசுங்கிப் போகும். இங்கே நாணல் கம்பு நுனியில் தகரக் குவளை பொருத்தியிருக்கிறார்கள். பழம் குவளைக்குள் போனதும் ஒரு திருகு, அவ்வளவுதான். முள்ளுக்கரண்டியால் குத்திப் பிடித்து, இரு முனையையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் தோல் சுருண்டு வரும். கை படவே படாது. தோட்டக்காரர்கள் ஜூனில் முதல் பூக்களை வேண்டுமென்றே உதிர்த்துவிடுவார்கள். மறுபடி பூத்து வரும் பழம்தான் பெரிது, விலையும் கூட.

கரிசக்காட்டான்:
குவளை யோசனை பிடித்திருக்கிறது, பழைய பால்டின் போதும். ஆனால் கள்ளிக்கு எங்கே போக? கள்ளியை ஒழிக்க 1926-ல் உங்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட, கள்ளிச்சாற்றை உறிஞ்சும் கொச்சினீல் பூச்சி, தெற்கே கள்ளிக்காட்டைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது. கண்மாய்க்கரை மிச்சத்திலும் வெள்ளைப் பஞ்சாக அது ஒட்டியிருக்கும். அந்த மட்டைப் பக்கம் வேட்டியோடு போகாதீர்கள், நசுங்கினால் ரத்தச் சிவப்பாகக் கறை பிடிக்கும்.