எச்டிசிடி டிஸ்க் டீகோட் பண்ணி கேட்டவங்க அனுபவத்தச் சொல்லுங்க

பழைய டெக்
எச்டிசிடின்னா சாதா சிடியிலயே கூடுதல் சவுண்ட் விவரத்த கோடா ஒளிச்சு வச்ச டிஸ்க், டீகோட் பண்ணாத்தான் அது முழுசா கேக்கும்; நேரா விஷயத்துக்கு வரேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பிளேயர்ல ஒரு லைவ் டிஸ்க் போட்டா முன்னாடி அந்த குட்டி எச்டிசிடி லைட் எரியுது, ஆனா அட்டையில லோகோவே இல்ல. அத ஃப்ளாக்கா (தரம் குறையாத ஆடியோ ஃபைலா) கம்ப்யூட்டர்ல ரிப் பண்ணி, ஃபூபார்ங்கிற பிளேயர் சாஃப்ட்வேர்ல டீகோட் பண்ணி ரெண்டு வேவ்ஃபார்மையும் மேலயும் கீழயும் வச்சுப் பாத்தேன். ஸ்னேர் டிரம் அடி விழுற இடத்துல ஒரிஜினல் கிராப் வெட்டுன மாதிரி தட்டையா இருக்கு, டீகோட் பண்ணதுல அதே அடி கூரா எழும்பி நிக்குது. இத்தன வருஷமா அந்த டிஸ்க்க அமுக்கி வச்ச சவுண்டுலதான் கேட்டுட்டு இருந்தோமான்னு இன்னும் மண்டைக்குள்ள ஓடுது.

சந்தேகக்காரன்
லைட்ட நம்பாதீங்க ப்ரோ. ஃப்ரெண்டு ஒருத்தன் டீகோட் பண்ணது ஸ்மூத்தா இருக்குன்னான், பாத்தா சத்தம் 6 டிபி கம்மி, அவ்ளோதான். கோடு 16 பிட்ல கடைசி பிட்டுல ஒளிஞ்சிருக்கும், அதப் பாத்துதான் லைட் எரியுது. ஆனா பீக் எக்ஸ்டெண்ட்ங்கிற வசதி டிஸ்க்ல ஆன்ல இருந்தாத்தான் அமுக்கி வச்ச உச்ச சத்தம் திரும்ப விரியும், நிறைய டிஸ்க்ல அது ஆஃப். எஃப்எஃப்எம்பெக்ங்கிற ஃப்ரீ டூல்ல எச்டிசிடி ஃபில்டர ஓட்டுங்க, பீக் எக்ஸ்டெண்ட் முழுக்க ஆனா, அப்பப்பவா, இல்லவே இல்லையான்னு கடைசியில சொல்லிடும். இல்லன்னு வந்தா பெரிய வித்தியாசம் எதிர்பாக்காதீங்க. எம்பி3 ஆக்கிட்டா கோடு போச்சு, டீகோடுக்கு முன்னாடி வால்யூம தொட்டாலும் போச்சு. ரீப்ளேகெய்ன் (பாட்டுக்குப் பாட்டு சத்தத்த சமமாக்குறது) எல்லாம் டீகோடுக்கு அப்புறம்தான். ரெண்டையும் ஒரே லெவலுக்கு கொண்டுவந்துட்டு கண்ண மூடிக் கேட்டு சொல்லுங்க.

ஜப்பான் பிரஸ்
எங்கிட்ட எச்டிசிடி கிடையாது, என் தலைவலி ப்ரீஎம்ஃபசிஸ், அதாவது டிஸ்க்ல ட்ரெபிள ஏத்திப் பதிஞ்சு, கேக்கும்போது பிளேயர் இறக்குற பழைய முறை. 80கள்ல வந்த ஜப்பான் டிஸ்க், பிளேயர்ல அம்சமா இருக்கு, ரிப் பண்ணி கேட்டா சிம்பல் காதக் கிழிக்குது. பிளேயர் டிஸ்க்ல இருக்கற ப்ரீஎம்ஃபசிஸ் அடையாளத்தப் பாத்து ட்ரெபிள தானா இறக்கிடுது, ரிப்ல அது நடக்கல. இதுல கொடுமை என்னன்னா அந்த அடையாளம் டிஓசில (டிஸ்க்கோட பாட்டுப் பட்டியல்ல) இல்ல, சப்கோடுல (பாட்டு கூடவே ஓடுற மறைவு டேட்டால) மட்டும் இருந்துச்சு, ரிப்பர் "இல்ல"ன்னு அடிச்சுச் சொல்லுது. சாக்ஸ்ங்கிற ஆடியோ டூல்ல டீஎம்ஃப் (ஏத்துன ட்ரெபிள இறக்குற ஃபில்டர்) போட்டதும்தான் பாடுறவங்க குரல் முன்னாடி வந்துச்சு.

பின் ஸ்பீக்கர்
சந்தேகக்காரன் சார், லைட்ட ரொம்ப கிண்டல் பண்ணாதீங்க, என்னக் காப்பாத்துனதே ரிசீவர் டிஸ்ப்ளேதான். டிடிஎஸ் சிடி (சரவுண்ட் சவுண்ட கோடா அடைச்ச சிடி), கம்ப்யூட்டர்லேர்ந்து ஆப்டிகல் கேபிள் வழியா ரிசீவருக்கு. ராத்திரி, வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு, ப்ளே அமுக்குனதும் ஹால் முழுக்க சர்ர்ருனு இரைச்சல், அம்மா "என்னடா வெடிச்சுது"ன்னு எந்திரிச்சு வந்துட்டாங்க. விண்டோஸ் வால்யூம் 80ல இருந்துச்சு, பிட் எல்லாம் மாறிப்போனதுல ரிசீவருக்கு அது டிடிஎஸ்னே தெரியல. 100ல வச்சு வாசாபி எக்ஸ்க்ளூசிவ் (விண்டோஸ் நடுவுல புகுந்து பிட்ட மாத்தாத மோட்) போட்டதும் டிஸ்ப்ளேல டிடிஎஸ்னு வந்துச்சு, பின்னாடி ஸ்பீக்கர்ல கைதட்டல் கேட்டுச்சு. மறுபடி ட்ரை பண்றவங்க மொதல்ல ரிசீவர் சத்தத்த சுத்தமா கொறச்சிட்டு ப்ளே அமுக்குங்க.

பழைய டெக்
எஃப்எஃப்எம்பெக் ஓட்டிட்டேன், "அப்பப்ப"ன்னு வருது. லெவலும் சமமாக்கித்தான் கேட்டேன், ஸ்னேர் வித்தியாசம் அப்படியே இருக்கு. சந்தேகக்காரன் இப்ப என்ன சொல்றார்?