மருத்துவக் கல்லூரியில் மூன்றாவது வாரம்: படிப்பு முதலா, ஊர் முதலா?

கேள்வி – முதலாண்டு மாணவன்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பள்ளியில் ஒரு பாடத்தை இரண்டு முறை வாசித்தால் மனத்தில் நின்றுவிடும்; இங்கே கையின் எலும்புகளை முடிப்பதற்குள் தசைகளும், தசைகளைத் தொடுவதற்குள் நரம்புகளும் வந்துவிடுகின்றன. இரவு ஒரு மணி வரை விழித்துப் படித்தும், மறுநாள் கேட்டால் பாதிதான் நினைவுக்கு வருகிறது. இதோடு ஊரும் புதிது. கல்லூரிக்கும் அறைக்கும் இடையிலுள்ள சாலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் வீட்டுக்கு அழைத்து, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். படிப்பை முதலில் ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஊரைப் பிறகு பழகிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். அது சரியா? இன்னொன்றையும் கூச்சத்துடன் சொல்கிறேன்: இறந்த உடல்களை அறுத்துப் படிக்கும் உடற்கூறியல் கூடத்தில் முதல் நாளே தலை சுற்றி, வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பதில் – இறுதியாண்டு மாணவி

அந்தப் "பிறகு" வரவே வராது, தம்பி. நானும் தேர்வுக்குத் தேர்வு ஒத்திப்போட்டேன். இரண்டாம் ஆண்டில் கடுங்காய்ச்சல் வந்தபோது, மருந்துக் கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வாசலில் நின்றேன், அதுவும் மருத்துவம் படிக்கிறவள்!

நினைவில் நிற்காததற்குக் காரணம் உங்கள் மூளையல்ல, படிக்கும் முறை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும், அதன்பின் மெதுவாகவும் நடக்கிறது என்பதே அவர் கண்டது. ஆகவே அன்றைய பாடத்தை அன்று மாலையே, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை வாசித்து யாரும் மனத்தில் வைத்ததில்லை. ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று வடங்கள், ஐந்து முடிவுக் கிளைகள் என்று நாள்தோறும் ஒருமுறை வரைந்தால், பத்தாவது நாளில் கை தானாகவே வரையும். கூடவே ஒவ்வொரு நரம்பையும் ஒரு காயத்தோடு சேர்த்து வையுங்கள்: ரேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் செல்வதால், அந்த எலும்பு நடுவில் முறியும்போது நரம்பும் காயப்படலாம், அப்போது மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிவிடும். காரணம் தெரிந்த செய்தி எளிதில் மறக்காது.

பதில் – உடற்கூறியல் ஆசிரியர்

கூடத்தில் தலை சுற்றியதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. முதல் நாள் கலங்காமல் நின்றதை நான் ஒருபோதும் ஒரு தகுதியாகக் கருதியதில்லை. வெறும் வயிறு, நீண்ட நேரம் அசையாமல் நிற்றல், புழுக்கம், மன அதிர்ச்சி ஆகியவை சேரும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது, இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் குறைந்துவிடுகிறது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நிற்கும்போது கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்துங்கள். அவை இரத்தத்தை மேலே தள்ளும். வியர்த்துக் குமட்டினால், பெருமை பாராமல் உடனே உட்கார்ந்துவிடுங்கள். கண்ணும் மூக்கும் எரிவது வேறு கதை: உடல்களைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு வாயு நீரில் கரைந்த கரைசல், அதிலிருந்து அந்த வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். முகத்தை உடலுக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவராயின் கூடத்துக்கு மட்டும் கண்ணாடி அணியுங்கள்.

பதில் – பயிற்சி மருத்துவர்

மேலே சொன்ன படிப்பு முறை சரியே. ஆனால் ஒரு மணி வரை விழித்திருப்பதை யாரும் கண்டிக்காதது வியப்பாக இருக்கிறது. படித்தது மூளையில் உறுதியாகப் பதிய உறக்கம் மிகவும் தேவை.

ஊரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இன்று உங்களுக்கு அந்நியமாகத் தெரியும் இந்த ஊர், ஓரிரு ஆண்டுகளில் உங்கள் முன் நோயாளியாக வந்து படுக்கும். "தலை சுற்றுகிறது" என்று அவர்கள் சொல்லும்போது, அறையே சுழல்வதாகச் சொல்கிறார்களா, கண் இருட்டி விழப்போவதாகச் சொல்கிறார்களா என்று பிரித்தறிய வேண்டும். முன்னது உட்செவியை நோக்கியும், பின்னது இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் நோக்கியும் உங்களைக் கொண்டுசெல்லும். எந்த ஊரில் எந்த வலிக்கு என்ன சொல் வழங்குகிறது என்பது பாடநூலில் இருக்காது. எனவே ஊர் பழகுவதும் படிப்பின் பகுதியே. பத்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஒரே இடத்துக்குப் பத்துமுறை, ஒரே நேரத்தில் போங்கள். நான்காவது வாரத்தில் யாராவது நின்று பேசுவார்கள்; எனக்கு அப்படித்தான் நடந்தது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அன்று எனக்கு அறை சுழலவில்லை, கண்தான் இருட்டியது. காலையில் சாப்பிடாமல் போயிருந்தேன். இன்று மாலை பிளெக்சஸை மூன்றுமுறை வரைந்தேன், மூன்றாவதில் ஒரு வடத்தை மட்டுமே விட்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு அழைத்தபோது, மயக்கம் வந்ததையும் சொல்லிவிட்டேன்.