எஸ்ஏபி புரொடக்‌ஷன் ஆர்டர் டெஸ்ட்: இரண்டாவது ரன்னில் ஸ்டாக் பற்றவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் உற்பத்தி ஆர்டர் ரிலீஸ், கன்ஃபர்மேஷன் (வேலை முடிந்ததைப் பதிவது), 101-இல் (இது சரக்கு நகர்வு வகை எண்) சரக்கு வரவு என முழுச் சுற்றையும் ஆட்டோமேட் செய்தாயிற்று. ஃபியோரி (எஸ்ஏபியின் இணையத் திரை) உறுப்புகளின் ஐடி மாறும் தொல்லை டபிள்யூடிஐ5 என்ற டெஸ்ட் கருவி வந்ததும் தீர்ந்தது. ஐடிக்குப் பதில் பைண்டிங் பாத் (உறுப்பு எந்தத் தரவோடு இணைந்துள்ளது என்ற முகவரி) வைத்தே உறுப்பைப் பிடிக்கிறோம்.

சிக்கல் டேட்டாவில். பேக்ஃபிளஷ் (கன்ஃபர்மேஷனோடு மூலப்பொருளைத் தானாகக் கழிப்பது) ஒவ்வொரு ரன்னிலும் 261 என்ற நகர்வு வகையில் மூலப்பொருளைக் கழித்துவிடுகிறது. இருப்பு தீர்ந்ததும் அந்த வரிகள் கோகி பட்டியலில் (தோல்வியடைந்த சரக்கு நகர்வுகளின் பட்டியல்) போய் நிற்கின்றன. ஆனால் கன்ஃபர்மேஷன் 'சேமிக்கப்பட்டது' என்றே காட்டுவதால் டெஸ்ட் பச்சையாக முடிகிறது (திரைச் செய்தியை மட்டும் நம்பினால் இதுதான் கதி). அதனால் கடைசியில் அந்த ஆர்டருக்குக் கோகி காலியா என்றும் பார்க்கிறோம்.

ரன்னுக்கு முன் 561-இல் (தொடக்க இருப்பு ஏற்றும் நகர்வு வகை) இருப்பு ஏற்றுவது நல்லதா, முடிந்ததும் சிஓ13 திரையில் கன்ஃபர்மேஷனை ரத்து செய்வதா? ரன் பாதியில் விழுந்தால் ரத்து செய்யும் படியே ஓடாதே! பேட்ச் (தொகுதி எண்) உள்ள பொருளுக்கு நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?