கல்லூரி ஸ்கீ சாம்பியன்ஷிப் பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

போஸ்மன்_மாணவன்

2020 மார்ச் 12, வியாழக்கிழமை, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன், கல்லூரி ஸ்கீ சாம்பியன்ஷிப். அன்றைக்கு என்ன ஆனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் பந்தயம் முடிந்திருந்தது, இரண்டு நாள் பாக்கி. மத்தியானத்துக்கு மேல், கொரோனாவால் எல்லாம் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். 1954-இல் ரீனோவில் தொடங்கியதிலிருந்து வருஷா வருஷம் நடந்த போட்டி, அந்த வருஷம் மட்டும் சாம்பியன் யாரும் இல்லாமல் முடிந்துபோனது.

நான் அப்போது அங்கே முதுகலை மாணவன், தன்னார்வலர். மறுநாள் ஸ்லாலத்துக்கான (கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம்) பிப் பெட்டி, அதாவது பந்தயக்காரர் அணியும் எண் துணிகள், என் பொறுப்பில் இருந்தது. "எல்லாவற்றையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு பெண் வந்தாள். கையில் ஹெல்மெட். நான்காம் வருஷம், ஸ்லாலம்தான் தன் பந்தயம் என்றாள். "எந்த எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டாள்.

முடியாது, கணக்கு கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அந்தக் கிளிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஹனோவர்_வாசி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது சகோ. நான் சொல்வது பழைய கதை.

இங்கே ஹனோவரில் இருக்கும் டார்ட்மத் கல்லூரி என்றால் எல்லோரும் 1911-இல் தொடங்கிய குளிர்காலக் கார்னிவலைத்தான் சொல்வார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு வேல் ஆஃப் டெம்பியும் தெரியும். 1922-இல் கட்டிய ஸ்கீ தாவல் மேடை, 1993-இல் பிரித்துவிட்டார்கள். அது இருந்த கோல்ஃப் மைதானம் வழியாக நான் நடைக்குப் போவேன். ஒருநாள் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அதோ அந்த மரத்தின் உச்சி தெரிகிறதா, அங்கிருந்துதான் வருவோம்" என்றார்.

அந்தக் காலத்தில் கல்லூரி அணி என்றால் டவுன்ஹில் (மலையிலிருந்து படுவேகமாக இறங்குவது), ஸ்லாலம், கிராஸ் கன்ட்ரி (நீண்ட தூர ஸ்கீ ஓட்டம்), தாவல் நான்கும் சேர்ந்ததுதான். ஒரே ஆள் நான்கிலும் இறங்குவது சாதாரணம். முதலில் டவுன்ஹில் போனது, 1980-க்குப் பிறகு தாவலும் போய்விட்டது. அதைச் சொல்லிக்கொண்டே அவர் கைத்தடியை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையையும் பின்னால் நீட்டி, குதிகாலை ஊன்றிக்கொண்டு, மோவாய் கால்விரலைத் தாண்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்தார். விழுந்துவிடுவாரோ என்று பிடிக்கப் போனேன். விழவில்லை, இரண்டு மூன்று விநாடி அப்படியே நின்றார். பேர் கேட்காமல் வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை.

போல்டர்க்காரன்

நான்கிலும் இறங்கிய அந்தத் தலைமுறை வேறு. 2018 சாம்பியன்ஷிப்புக்கு ஸ்டீம்போட் போயிருந்தேன், டென்வர் பல்கலைக்கழகம் ஜெயித்த வருஷம், அவர்களுக்கு 24-ஆவது பட்டம். என் பக்கத்தில் நின்ற குடும்பம் முழுக்க நார்வேஜியன் பேசியது. மகன் கோட்டைத் தாண்டியதும் அந்த அம்மா பசுமாட்டு மணியைக் குலுக்கிக்கொண்டே அழுதார். எனக்கும் கண் கலங்கியது, ஆனாலும் உள்ளே ஒரு நெருடல். 1972-லிருந்து 79 வரை தொடர்ந்து எட்டு வருஷம் கொலராடோ பல்கலைக்கழகம் ஜெயித்ததே (76-இல் மட்டும் டார்ட்மத்தோடு பங்கு), அதில் ஏழுக்குப் பயிற்சியாளர் பில் மரோல்ட். அதே மாநிலத்து ஆஸ்பென் மண்ணில் பிறந்தவர். உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்க்கத்தானே கல்லூரி அணி? முடிவுப் பட்டியலைப் பார்த்தால் ஐரோப்பாவில் நடந்த போட்டியோ என்று தோன்றுகிறது.

மைல்_உயரம்

போல்டர்க்காரரே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. டென்வருக்கு 13 பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் வில்லி ஷேஃப்லரே ஜெர்மனியிலிருந்து வந்தவர். நார்வேப் பையன்கள் அம்பதுகளிலிருந்தே இருக்கிறார்கள். ஹனோவர் நண்பர் சொன்ன டார்ட்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 கோர்ட்டினா ஒலிம்பிக்கில் ஸ்லாலம் வெள்ளி வாங்கிய சிஹாரு இகாயா அப்போது அங்கே மாணவர். குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு அதுதான் முதல் பதக்கம். அவரையும் வெளியாள் என்பீர்களா? இந்த இழையில் எழுதும் நம்மில் பாதிப்பேர் எஃப்-1 (மாணவர்) விசாவில் வந்தவர்கள்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு இடமில்லை என்பதும் சரியில்லை. ஸ்கீ வீராங்கனை பவ்லா மோல்ட்சனை அமெரிக்க அணி கழற்றிவிட்டது. அவர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2017-இல் கல்லூரி ஸ்லாலம் ஜெயித்து, அங்கிருந்து மறுபடி உலகக் கோப்பைக்குப் போனார்.

என் அறைத்தோழன் ஒரு நார்வேக்காரன், நார்டிக், அதாவது கிராஸ் கன்ட்ரி பிரிவு. சாம்பியன்ஷிப்புக்கு ஒரு கல்லூரி 12 பேரைத்தான் அனுப்பலாம் என்பது தெரியும்தானே? ஆல்பைனில் (ஸ்லாலம் மாதிரி மலையிறங்கும் பிரிவு) ஆண் மூன்று, பெண் மூன்று, நார்டிக்கிலும் அதே மாதிரி. இவன் இரண்டு வருஷமும் நான்காவது ஆள். பட்டியல் வந்த ராத்திரி போகப்போகும் ஒருவனின் பயிற்சி ஸ்கீயை எங்கள் அறைக்கே தூக்கிவந்து, ஒரு மணி வரை வேக்ஸ் (ஸ்கீ அடியில் பூசும் மெழுகு) சுரண்டிக் கொடுத்தான். காலையில் எழுந்து பார்த்தால் கம்பளம் முழுக்கத் தேங்காய்த் துருவல் மாதிரி கிடந்தது. அதைக் கூட்டிக்கொண்டே தன் அம்மாவிடம் போனில் பேசினான். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது.

கேட்_ஜட்ஜ்_அக்கா

சண்டை வேண்டாம் தம்பிகளா. நான் வெர்மான்ட்டில் கார்னிவல் (கல்லூரிகளுக்கு இடையிலான ஸ்கீ) பந்தயங்களுக்குப் பல வருஷமாகக் கேட் ஜட்ஜாக நிற்கிறேன், கம்புகளால் ஆன ஒவ்வொரு கேட்டையும் பந்தயக்காரர் சரியாகத் தாண்டுகிறாரா என்று பார்ப்பது என் வேலை. இரண்டாம் ரன்னில் ஒரு பெண் என் கண் முன்னால் ஒரு கேட்டைத் தவறவிட்டு விழுந்தாள். மற்றவர்களாக இருந்தால் ஓரமாக இறங்கிப் போயிருப்பார்கள். இவள் எழுந்து, ஸ்கீயைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு அடியாக மேலே ஏறினாள். எட்டு அடி. மூச்சு இரைக்கிறது. அந்தக் கேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழே போனாள். அப்போதைய விதிப்படி அடுத்த ஆள் வருவதற்குள் ஸ்லாலத்தில் அப்படி ஏறலாம். முடித்தால்தான் அணிக்குப் புள்ளி. பெண்களுக்கு இந்த அணிக்கணக்கில் இடம் கிடைத்ததே 1983-இல்தான், ஆண் பெண் புள்ளிகளைச் சேர்த்து ஒரே பட்டம் என்று மாற்றினார்கள். அவள் ஏறியபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

முதல் தடவை நிற்கப்போகிறவர்களுக்கு: பேனா கொண்டுபோகாதீர்கள், குளிரில் மை உறைந்துவிடும். பென்சில், அதுவும் கயிற்றில் கட்டிக் கழுத்தில். பூட்ஸுக்குக் கீழே முள்பட்டை கட்டாயம். பந்தயத் தடத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள், கண்ணாடி மாதிரி வழுக்கும். மார்ச் வெயிலில் பனி குழைந்தால் உப்பு தூவுவார்கள். உப்பு கொஞ்சம் பனியைக் கரைக்கும், அந்தக் கரைதல் சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ள, மேல்பரப்பு இறுகிவிடும். அந்த நேரத்தில் தடத்தில் கால் வைக்கவே கூடாது. ஸ்கீயின் நுனியையும் இரண்டு காலையும் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பந்தயக்காரர் பக்கம்தான் தீர்ப்பு. ஏறி வர அனுமதி உள்ள பந்தயத்தில், தவறவிட்டவர் நின்று உங்களைப் பார்த்துக் கேட்டால் "போ" அல்லது "திரும்பு", இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். அட்டையில் பிப் எண், கேட் எண், சின்னப் படம் மூன்றும் வேண்டும், பின்னால் முறையீடு வந்தால் அந்தப் படம்தான் பேசும். வெந்நீர்க் குடுவை ஒன்று போதாது.

புதுமெக்சிகோ_நினைவு

அக்கா சொன்ன பெண் மாதிரி ஏறி வருவதற்கு அணி என்று ஒன்று இருக்க வேண்டும். 2004-இல் நியூ மெக்சிகோ ஜெயித்தது அந்தப் பல்கலைக்கழகம் எந்த விளையாட்டிலும் வாங்கிய முதல் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) பட்டம். 2019 பருவத்தோடு அணியே கிடையாது. அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் சான்டா ஃபே மலைக்கு மேலே போயிருந்தேன். செர்ரி நிற ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் கேட் கம்புகளைப் பிடுங்கிக் கட்டு கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நாங்களே செய்கிறோம் என்றார்கள்.

போஸ்மன் சகோ, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெட்டியை ஒப்படைத்தீர்களே, அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

போஸ்மன்_மாணவன்

இல்லை. அறையில் ஒருவர் மட்டும் இருந்தார், போனில் பேசிக்கொண்டே மூலையைக் கை காட்டினார். வைத்துவிட்டு வெளியே ஓடி வந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் வேன் போய்விட்டது.